பழவேற்காட்டில் ஒரு பகலும் ஓர் இரவும்

சென்னைப் பட்டணத்தில் குடியிருக்கும் தம்பதிகளுக்கு விடுமுறை நாளைக் கழிக்க ஒரு திட்டம் எப்போதும் தயாராக இருக்கும். காலையில் எழும்பூர் மியூஸியம். மத்தியானம் ஹோட்டல் சாப்பாடு. மாலையில் கடற்கரைக் காற்று. இரவு ஏதாவது ஒரு சபாவில் நாடகம். பிறகு கடைசி பஸ்ஸுக்கு ஓட்டம். பதினெட்டு வருஷமாக நாங்களும் இந்தத் திட்டத்தைச் சிறிதும் பிசகாமல் நடத்தி வந்திருக்கிறோம். மியூஸியத்து வெண்கல நடராஜர் எங்களைப் பார்த்தால் "இன்னும் ஒரு வருஷம் ஆகிவிட்டதா?" என்று கேட்டுவிடுவார் போலிருந்தது.

இந்த மாசி மாதத்திலும் அப்படித்தான் நடந்திருக்கும். நாடகத்திற்கு டிக்கெட்டுக் கூட வாங்கப் புறப்பட்டுவிட்டோம். அந்தச் சமயத்தில் டெலிபோன் மணி அடித்தது. பேசியவர் ஒரு பழைய மாணவர்.

எங்களில் ஒருவர் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். மற்றவர் அந்த உபாத்தியாயருக்கே உபாத்தியாயர். முன்னொரு காலத்தில் பொன்னேரியில் நாலு வருஷம் வேலையாக இருந்தோம். அப்போது வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ஈரம் உலராத தலையோடு தூங்கி வழிந்த பையன் ஒருவன் உண்டு. இரவெல்லாம் தகப்பனாரோடு ஏரியில் வலை காத்துவிட்டுக் காலையில் பஸ் ஏறி வருகிறவன். அவன் இன்று பி.எஸ்ஸி. பட்டதாரி. "சார், அமாவாசையன்று எங்கள் குப்பத்தில் அம்மன் திருவிழா. ராத்திரி கூத்து. நீங்களும் அம்மாவும் அவசியம் வரணும்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசணும்" என்றும் சேர்த்துக்கொண்டார். என்ன வார்த்தை என்று சொல்லவில்லை.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தூரந்தான். நாலு வருஷம் அங்கே குடியிருந்தும் நாங்கள் அந்த ஊரைப் பார்த்ததில்லை. இதை வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாயிருக்கிறது. ஆகையால் நாடகத்தை ஒத்திப் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கும்மிடிப்பூண்டி செல்லும் லோகல் ரயிலில் பொன்னேரி வரையில் சௌகரியமான பிரயாணம். எண்ணூரைத் தாண்டும்போது அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வானத்தில் கோடு கிழிக்கின்றன. பொன்னேரியில் இறங்கி, அரியும் அரனும் சித்திரையில் சந்தித்துக்கொள்ளும் அந்த வீதிகளை ஒரு கண்ணோட்டம் விட்டுவிட்டு, பழவேற்காடு பஸ்ஸைப் பிடித்தோம். கூடைகளோடு ஏறிய மீன்காரப் பெண்மணிகள் காலிக் கூடையை எங்கள் காலடியில் தள்ளிவிட்டு, "பார்த்து உட்காரும்மா" என்று உபசாரமும் செய்தார்கள். வயல் மறைந்தது, உப்பங்காற்று வந்தது.

மாணவர் பஸ் நிலையத்தில் காத்திருந்தார். "முதலில் எதைப் பார்க்கிறீங்க சார்?" என்று கேட்டார். "எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள்?" என்றோம். "செத்துப் போன வெள்ளைக்காரங்களைத்தான்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் முதலில் போவது டச்சுக்காரர்களின் இடுகாட்டுக்கு. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. நம் கோயில்களில் துவாரபாலகர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாயிருக்கிறது. உள்ளே கருங்கல் பலகைகள்; பலகைக்குப் பலகை குலச் சின்னங்கள், டச்சு எழுத்து, பூவேலை. எழுத்து ஒவ்வொன்றும் நேற்றுச் செதுக்கியதுபோல் கூர்மையாயிருக்கிறது. கீழே கிடப்பவர்கள் 17, 18-ம் நூற்றாண்டுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் தேடிப் புறப்பட்டு, வழியில் துணி வாங்க இறங்கி, மண்ணோடு மண்ணானவர்கள்.

துணிக்கும் கிராம்புக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். கிழக்கே மொலுக்காஸ் தீவுகளில் வாசனைச் சரக்கை விற்றவர்கள் அதற்கு ஈடாக விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையின் நெசவுத் துணி. அந்தத் துணியில்லாமல் அங்கே வியாபாரம் நடவாது. 1602-ல் ஏற்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அந்தத் துணிக்காகவே 1610-ல் விஜயநகரத்து வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று இங்கே பண்டகசாலை வைத்தது. 1612-ல் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். மறு வருஷமே, 1613-ல், கெல்டிரியா என்ற கோட்டை எழும்பியது. ஹாலந்து தேசத்து கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரை, வேல மரங்கள் அடர்ந்திருந்த நம் கரையில் கொண்டுவந்து நட்டார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைநகர் இதுதான். 1690-ல்தான் அந்தப் பெருமை நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. ஆங்கிலேயர் சென்னையில் கால் ஊன்றியது 1639-ல். ஆகவே பழவேற்காடு சென்னைக்கு மூத்தவள். தங்கை பெரிய வீட்டுக்காரியாகிவிட்டாள். அக்காள் இங்கே மீன் காய வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணிக்கு ஊர்ப் பெயரே பெயராகிவிட்டது. நம் கடைகளில் 'பளையகாட்' கைலி என்று கேட்கிறோமே, அது பழவேற்காடுதான். மலாய் நாட்டார் தங்கள் கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்று சொல்லுவதும் இதே ஊரின் ஞாபகந்தான். நெய்தவர்களுக்கு எங்கே கல்லறை என்று தேடினோம். கிடைக்கவில்லை.

துணி மட்டும் ஏற்றுமதியாயிருந்தால் மனம் இவ்வளவு கசந்திராது. 17-ம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில், வயிற்றுக்கில்லாமல் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் விற்ற ஜனங்களை விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கில் பட்டேவியாவுக்கு அடிமைகளாக இதே துறையிலிருந்து கப்பலேற்றினார்கள். மாணவர் கருங்கல் பலகை ஒன்றின்மேல் கை வைத்தபடி கேட்டார்: "ஏழாங் கிளாஸிலே டச்சுக்காரங்க வந்தாங்க, கோட்டை கட்டினாங்க, போனாங்கன்னு சொன்னீங்க சார். இதைச் சொல்லலையே?" எங்களில் உபாத்தியாயராக இருப்பவர் அதற்குப் பதில் சொல்லாமல் பூவேலையை வெகு கவனமாகப் பார்த்தார்.

ஆனால் அந்த டச்சுக்காரர்களிலும் ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. ஆப்ரஹாம் ரொகேரியஸ் என்ற பாதிரியார் 1632 முதல் பத்து வருஷம் இவ்வூரில் இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணர் ஒருவருடன் உட்கார்ந்து நம் ஆசாரங்களையும் நம்பிக்கைகளையும் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் இறந்த பிறகு, 1651-ல், லெய்டன் நகரில் அந்தப் புத்தகம் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் சுலோகங்கள் முதன்முதலில் ஐரோப்பிய பாஷை ஒன்றில் வெளிவந்தது அதில்தான். அடிமைக் கப்பல் நின்ற துறையில் நீதி சதகமும் மொழிபெயர்ப்பாகிக்கொண்டிருந்தது என்றால் மனுஷ சுபாவத்தை என்னவென்று சொல்வது!

கோட்டை இப்போது புதர் மூடிய மேடு. சுற்றிலும் அகழி நீர் தேங்கிக் கிடக்கிறது. 1806-ல் ஆங்கிலேயர் அதை இடித்துவிட்டார்கள். இடித்த பிறகும், 1818-ல் ஊரை டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, 1825-ல் உடன்படிக்கையின் பேரில் மறுபடி வாங்கிக்கொண்டார்கள். ஊராரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

மற்றவற்றைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறோம். 1515-ல் போர்த்துகீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. செம்புறைக் கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதிலுள்ள சின்னஞ்சிறு இராமாயணச் சிற்பங்களைப் பார்க்கக் குனிந்து குனிந்து எங்களுக்கு முதுகு வலித்துவிட்டது. பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறியச் சூரிய கடிகாரம் வைத்திருக்கிறார்கள். முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். எங்களில் வீட்டுப் பொறுப்பை வகிப்பவர் ஒரு சாயமேற்றிய பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க மனமில்லாமல், பேரம் பேசாமல் வாங்கிவிட்டார். அது அவர் சரித்திரத்தில் முதல் தடவை.

மத்தியானம் குப்பத்தில் சாப்பாடு. மடவைக் குழம்பு, வெள்ளை இறால் வறுவல், சூடான சோறு. மாணவரின் தாயார், "பட்டணத்திலே ஐஸிலே வெச்ச மீனைத்தானேம்மா திங்கறீங்க" என்று பரிதாபப்பட்டுக்கொண்டே இலையை நிரப்பினார். தகப்பனார் வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, "வாங்கய்யா, வாங்கம்மா" என்றார். அப்புறம் பேசவில்லை. மாணவரும் பேசவில்லை. பேச வேண்டிய விஷயம் இருவருக்கும் நடுவே வலையைப்போல் கிடந்தது.

வெயில் தாழ்ந்ததும் ஏரியைப் பார்க்கப் போனோம்.

ஏரி என்று சொல்வது வழக்கமேயொழிய இது உப்பங்கழி. ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது. தெற்கு வடக்கில் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும் பகுதி ஆந்திர தேசத்தில் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் இதில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு குறுக்கே படுத்துக் கடலைத் தடுத்திருக்கிறது. இத்தனை விஸ்தாரமான நீர்ப் பரப்பின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான்! தூரத்தில் ஒரு மனிதர் இடுப்பளவு தண்ணீரில் ஏரி நடுவே நடந்து போனார். பார்க்க அதிசயமாயிருந்தது.

படகில் ஒரு சுற்றுப் போகலாமா என்று கேட்டோம். மாணவர் தலையை ஆட்டி மறுத்தார். 2011-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று உல்லாசமாகப் படகேறியவர்களில் 22 பேர் கவிழ்ந்து மாண்டு போனார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுக்குத் தடை வந்துவிட்டது. "அன்னிக்குக் குப்பத்துக்காரங்க எல்லாரும் குதிச்சுத்தான் தேடினாங்க சார். மூணு அடி தண்ணியிலே பயமில்லேன்னு நினைக்கிறாங்க. முகத்துவாரத்து இழுப்பு தெரியாது" என்றார். எங்களுக்கும் மூன்று அடித் தண்ணீர்தானே என்றுதான் தோன்றியிருந்தது. மேற்கொண்டு கேட்காமல் பாலத்தின் வழியாக நடந்தே கலங்கரை விளக்கக் குப்பத்துக்குப் போனோம்.

பாலத்திலிருந்து பார்த்த காட்சி மறக்கத் தக்கதல்ல. வடக்கே, கண்ணுக்கெட்டும் தூரத்தில், நீரின்மேல் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. பூநாரைகள்! ஆயிரக்கணக்கில் நின்றன. அருகே கூழைக்கடாக்கள் கப்பலைப்போல் மிதந்தன. பாலத்துக்குக் கீழே சேற்று நீரில் சில இருளர் பெண்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதன் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு கையும் வேண்டுமே! படம் பிடிக்க வந்த பட்டணத்துக்காரர்கள் எல்லோருடைய காமிராவும் பூநாரையின் பக்கமே திரும்பியிருந்தது.

கடற்கரையில் நின்றால் வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டைப் பக்கம் தெரிகிறது. 1971-ல் முதல் சிறு ராக்கெட்டு அங்கிருந்து கிளம்பியது. 2023 ஜூலை 14-ம் தேதி சந்திரயான்-3 எழும்பிச் சென்றதும் அங்கிருந்துதான். சந்திரனின் தென்துருவப் பக்கத்தில் நம் தேசம் இறங்கிய சமாசாரத்தில் நெஞ்சு விம்மாத இந்தியர் யார்? "ராக்கெட்டு விடுற நாளிலே கடலுக்குப் போகக் கூடாதுன்னு உத்தரவு வரும் சார். அன்னிக்குக் கரையிலே நின்னு நாங்களும் கை தட்டுவோம். அன்னிக்குப் பாடு கிடையாது" என்றார் மாணவர்.

'பாடு' என்ற அந்தச் சொல்லைத்தான் நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழவேற்காட்டின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய குப்பங்களில் நெடுங்காலமாக ஓர் ஏற்பாடு உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடங்களை ஊரே பொதுவில் வைத்துக்கொண்டு, குலுக்கல் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார் வலை, நாளைக்கு வேறொருவர். இதற்குப் 'பாடு' என்று பெயர். முறை பெறத் தகுந்த குடும்பங்களின் கணக்கு 'தலைக்கட்டு'. நல்ல இடம் பணக்காரனுக்கு, சேற்று இடம் ஏழைக்கு என்பது அங்கே இல்லை. யாருடைய சட்டப் புத்தகத்திலிருந்தும் இதை நம்மவர்கள் நகல் எடுக்கவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் இந்த ஏற்பாட்டைப்பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டிருக்கிறது.

ஆனால் முழுதும் புகழ்ந்துவிடவும் முடியாது. தலைக்கட்டில் இடம் பட்டினவர் குடும்பங்களுக்குத்தான். பறியைப் பல்லால் கவ்விய அந்த இருளர் பெண்ணுக்குக் குலுக்கலில் சீட்டுக் கிடையாது. மற்ற ஜாதியாரும் இதனால் மனஸ்தாபப்பட்டு வழக்குக்குப் போனதுண்டு. சுயராஜ்யம் என்றால் யாருக்குச் சுயராஜ்யம் என்ற கேள்வி குப்பத்திலும் இருக்கிறது.

இறாலின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் இதன் சூட்சுமம் புரியும். இறால் முட்டையிடுவது கடலில். பொடிக் குஞ்சுகள் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் வருகின்றன. இந்த அமைதியான நீரில் தின்று வளர்கின்றன. பருவமானதும் வற்றத்தோடு கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில், இருட்டில், கழி நட்டு நிறுத்திய சுற்று வலை காத்திருக்கிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வற்றம் பலமாக இழுக்கும். ஆகவே முகத்துவாரம் மணல் தூர்ந்து மூடிக்கொண்டால் உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. குலுக்கலில் எவ்வளவு நல்ல சீட்டு விழுந்தால் என்ன? வருஷா வருஷம் அது தூர்ந்துகொண்டே போகிறது. மணலை நிரந்தரமாக அகற்றி இரு புறமும் கல்சுவர் எழுப்ப வேண்டுமென்று மீனவர்கள் வெகு காலம் மனுக் கொடுத்து வந்திருக்கிறார்கள். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விஸ்தரித்தால் கரை அரிப்பு மிகுந்து ஏரிக்கே ஆபத்து என்றும் போராடி வந்திருக்கிறார்கள்.

மாணவர் முகத்துவாரத்தைப் பார்த்தபடி தம் விஷயத்தைச் சொன்னார். வைகாசியில் கலியாணம். கலியாணமானால் புதுத் தலைக்கட்டு. ஊர்க் கணக்கில் பெயர் ஏறும். வரி, முறை, ஊர் வேலை எல்லாம் உண்டு. அதே சமயம் தெற்கே ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு உத்தியோகமும் கிடைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்ய இயலாது. ராத்திரி வலை காத்தவன் காலையில் மெஷின் பார்க்க முடியுமா? "பள்ளிக்கூடத்திலே தூங்கினதே போதும் சார்" என்று சிரித்தார்.

"உன் எண்ணம் என்ன?" என்று கேட்டோம்.

"அதான் சார் தெரியலே. அப்பா என்ன நினைக்கிறார்னும் தெரியலே. நீங்க கேட்டா சொல்லுவார்."

பல வருஷங்களுக்கு முன், தூங்கி வழிந்த அந்தப் பையனை எழுப்பி நிற்க வைத்து, "ஒழுங்காய்ப் படித்தால் வலை பிடிக்க வேண்டாமடா!" என்று எங்களில் ஒருவர் கூறியது உண்டு. நல்ல எண்ணத்தில் சொன்ன வார்த்தைதான். பாலத்தின்மேல் திரும்பி வரும்போது அது ஞாபகத்துக்கு வந்து, நடை சற்று மெதுவாயிற்று.

குப்பத்துக்குத் திரும்பியபோது பெரியவர் தோணியில் கழிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "இன்று கூத்து அல்லவா? எங்கே புறப்படுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"இன்னிக்கு நம்ம முறைங்கய்யா. விட்டா அடுத்த முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும்."

இதுதான் தருணமென்று, பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றி மெல்ல ஆரம்பித்தோம். பெரியவர் கையிலிருந்த கழியைக் கீழே வைத்தார். அவரிடமிருந்து பதில் வரும் என்று காத்திருந்தோம், வந்தது கேள்வி.

"நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இவன் பேரைக் கணக்கிலே ஏத்தறதா, வேண்டாமா? ஏத்தினா, இவன் புள்ளை காலத்திலே முகத்துவாரம் இருக்குமா? ஏத்தாம விட்டா, கம்பெனிக்காரன் நாளைக்கு வேண்டாம்னு சொன்னா இவன் எந்தத் தண்ணியிலே போய் நிப்பான்? நான் ராத்திரியெல்லாம் இதைத்தான் யோசிக்கிறேன். அவன் கேட்பான்னு நானும், நான் சொல்லுவேன்னு அவனும் இருக்கோம்."

நேயர்களே, பி.ஏ. பட்டமும் இருபது வருஷத்துப் பாடம் சொன்ன அநுபவமும் அந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நின்றன. "யோசித்துத்தான் செய்ய வேண்டும்" என்று ஏதோ முணுமுணுத்தோம். பெரியவர் மரியாதையாகத் தலையாட்டினார். எங்களில் மற்றவர்தான், "பெண் வீட்டுப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவள்தானே அந்தத் தலைக்கட்டில் குடும்பம் நடத்தப் போகிறாள்?" என்றார். பெரியவர் சற்று யோசித்து, "கேக்கலீங்கம்மா" என்றார். மாணவர் தோணியில் ஏறிக்கொண்டார். "கூத்தைப் பாருங்க சார், விடியக்காலம் வந்துடறோம்" என்று சொல்லித் தோணியைத் தள்ளினார். இருட்டில் கழி தண்ணீரைத் தொடும் சப்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

இரவு பத்து மணிக்குக் கூத்து ஆரம்பமாயிற்று. 'கர்ண மோட்சம்.' காஞ்சீபுரத்துப் பக்கத்து ஜமா. அம்மன் கோயிலுக்கு எதிரே மணலில் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். மேடை கிடையாது, டிக்கெட்டுக் கிடையாது. எங்களுக்கு மட்டும் மரியாதைக்காக இரண்டு நாற்காலி போட்டார்கள். பின்னால் இருந்த பாட்டியம்மாள், "மறைக்குதே" என்றதும் நாற்காலியை விட்டு மணலில் உட்கார்ந்தோம். உண்மையில் அதுதான் முதல் வகுப்பு ஆசனம்.

இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து கர்ண மகாராஜன் தோன்றினான். தலையில் பளபளக்கும் பெரிய கிரீடம், தோளில் சிறகுபோல் விரிந்த புஜகீர்த்தி, காலில் சலங்கை. ஒரு சுழற்சி சுழன்றானென்றால் மணல் பறக்கிறது! கட்டியக்காரன் குறுக்கே வந்து நின்று, "மகாராஜா! தேரில் வந்தீர்களா, கப்பலில் வந்தீர்களா?" என்று கேட்டான். "தேரில் வந்தேனடா!" "நல்ல வேளை! கப்பலில் வந்திருந்தால் முகத்துவாரத்து மணலில் தட்டி நின்றிருப்பீர். மனு எழுதிக் கையெழுத்து வாங்கி, பாரதப் போரே முடிந்திருக்கும்!" குப்பமே சிரித்து அதிர்ந்தது. சபா நாடகங்களில் எழுதி வைத்துச் சொல்லும் ஹாஸ்யத்துக்கு நாங்கள் மரியாதையாகச் சிரித்திருக்கிறோம். இப்படி விலா நோகச் சிரித்ததில்லை.

பிறகு பொன்னுருவி வந்தாள். வேஷம் போட்டவர் ஐம்பது வயது ஆண் பிள்ளை என்பது மூன்று நிமிஷத்தில் மறந்துவிட்டது. தேரோட்டி மகனென்று புருஷனை அவள் இகழ்கிறாள், யாருடைய பிள்ளை என்று அறிந்தும் அவளிடம் சொல்ல முடியாமல் கர்ணன் தவிக்கிறான், நாளைக்குப் போர்க்களம். ஆர்மோனியம் உச்ச ஸ்தாயிக்கு ஏறிற்று. தூக்கம் வழிந்த குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் மாணவரின் தாயார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எங்களில் ஒருவரும் அழுதார். யார் என்று சொல்வதற்கில்லை.

நடு இரவுக்குப் பின் ஒரு தடவை எழுந்து கரைப் பக்கம் போனோம். ஏரி கறுத்துக் கிடந்தது. வெகு தூரத்தில் நாலைந்து விளக்குகள் நீரில் நின்றன. முகவீணையின் குரல் அந்த விளக்குகள் வரையில் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

கர்ணன் விழுந்தபோது கீழ்வானம் வெளுத்துவிட்டது. வேஷக்காரர்கள் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கையில் தோணிகள் ஒவ்வொன்றாகக் கரை தட்டின. வியாபாரி தராசோடு வந்து நின்றார். கூடையில் இறால் கண்ணாடித் துண்டுகளைப்போல் துள்ளிற்று. மாணவர் நனைந்த தலையோடு, பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே கண்களோடு, வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"பாடு எப்படி?" என்று கேட்டோம். அந்த வார்த்தையை அவர்கள் சொல்கிற மாதிரியே சொல்ல வந்துவிட்டது எங்களுக்கே ஆச்சரியம்.

"பரவாயில்லீங்கம்மா" என்றார் பெரியவர். "கர்ணன் எப்போ செத்தான்?"

"இப்போதுதான், விடிகிற சமயம்."

"போன வருஷமும் நான் தண்ணியிலே நின்னுதான் கேட்டேன். பொன்னுருவி பாட்டு நல்லாக் கேட்டுது. கட்டியக்காரன் பேசினதுதான் காத்துலே போயிட்டுது. எல்லாரும் சிரிச்சாங்களே, என்ன சொன்னான்?"

சொன்னோம். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். மாணவரும் சிரித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை அந்த ஒரு நாளில் அப்போதுதான் கண்டோம். கணக்கில் பெயர் ஏற்றுவதைப் பற்றி இரவு தண்ணீரில் நின்று பேசிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஓலைப் பெட்டி நிறைய இறாலைப் போட்டுக் கொடுத்தார் தாயார். பொன்னேரியில் ரயில் ஏறினோம். அவ்வளவு கூட்டத்திலும் சென்னை வந்து சேரும் வரையில் எங்கள் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.